ஒரு காலத்தில் 10 கம்பெனி, இப்போது பெருசா 2 தான்: செல்போன் சந்தையில் கணக்கு தப்பியது எங்கே? ரீசார்ஜ் இன்னும் ஏறுமா?

28 நாளைக்கு ஒரு ரீசார்ஜ் என்றால் வருஷத்துக்கு 12 இல்லை, 13 ரீசார்ஜ். தினமும் 1.5 ஜிபி தரும் ஜியோ பிளான் 2024 ஜூலைக்கு முன்பு 239 ரூபாய். அந்த மாதம் 3-ம் தேதியில் இருந்து 299 ரூபாய். வீட்டில் நாலு பேர், நாலு போன், எல்லோருக்கும் இதே பிளான் என்று வையுங்கள். வருஷத்துக்கு 12,428 ரூபாயாக இருந்த செலவு 15,548 ரூபாய் ஆகிறது. கூடுதலாக 3,120 ரூபாய்.

ஏர்டெல்லும் அதே நாளில் ஏற்றியது. வோடஃபோன் ஐடியா மறுநாள். 2019 டிசம்பரிலும் 2021 இறுதியிலும் இதே மாதிரிதான், ஒருவர் ஏற்றினால் மற்றவர்களும் பின்னாலேயே ஏற்றினார்கள். "ஏன் யாருமே விலையை ஏற்றாமல் இருந்து, அடுத்த கம்பெனியின் கஸ்டமரை இழுக்கவில்லை?" என்ற கேள்வி வருவது நியாயம்தான். ஒரு காலத்தில் இழுத்தார்கள். அப்படி இழுத்த கம்பெனிகளில் பல இன்றைக்கு இல்லை.

இந்த நிலைமை எப்படி வந்தது என்று புரிய, இந்தத் தொழில் எதை நம்பி நடக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

எல்லாமே 20 வருஷக் கணிப்பு

செல்போன் கம்பெனி ஏலத்தில் எடுக்கும் அலைக்கற்றை 20 வருஷத்துக்கானது. டவர், கேபிள், கருவிகள் எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே கடன் வாங்கிப் பணம் போட வேண்டும். வருமானம் பிறகுதான், மாதம் கொஞ்சமாக வரும். எனவே பணம் போடும் முன்பே மூன்று விஷயங்களைக் கணித்தாக வேண்டும். எத்தனை பேர், எவ்வளவு பயன்படுத்துவார்கள்? ஒருவர் மாதம் எவ்வளவு கொடுப்பார்? போட்டிக்கு எத்தனை பேர் இருப்பார்கள்?

இந்தியாவில் முதல் கேள்விக்கும் மூன்றாவது கேள்விக்கும் தொடர்ந்து தப்பான விடைதான் வந்தது. மக்களின் தேவையைக் குறைத்துக் கணக்குப் போட்டார்கள். எத்தனை கம்பெனி தாக்குப்பிடிக்கும் என்பதைக் கூட்டிக் கணக்குப் போட்டார்கள். நடுவில் இருக்கும் இரண்டாவது கேள்விக்கான விடையைத்தான் இப்போது உங்கள் ரீசார்ஜில் சோதித்துப் பார்க்கிறார்கள்.

15 என்றார்கள், 52-ஐ தாண்டியது

1999-ல் மத்திய அரசு புதிய தொலைத்தொடர்புக் கொள்கை கொண்டுவந்தது. 100 பேருக்கு எத்தனை போன் இருக்க வேண்டும் என்று அதில் இலக்கு வைத்தார்கள். 2005-க்குள் 7. 2010-க்குள் 15. அன்றைய நிலவரத்துக்கு அதுவே பேராசை மாதிரிதான் தெரிந்திருக்கும்.

2010 மார்ச் கணக்குப்படி 100 பேருக்கு 52.74 இணைப்புகள். இலக்கைப் போல மூன்று மடங்குக்கும் மேல்!

இந்தியா மட்டும் இல்லை. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஏடி அண்ட் டி நிறுவனத்துக்கு, 2000-ம் ஆண்டில் அந்த நாட்டில் சுமார் 9 லட்சம் பேர்தான் செல்போன் வைத்திருப்பார்கள் என்று மெக்கின்சி ஆலோசனை நிறுவனம் கணித்துச் சொன்னதாக ஒரு பிரபலமான கதை உண்டு. 2000-ல் அங்கே செல்போன் இணைப்புகள் 10 கோடியை தாண்டிவிட்டன.

இவ்வளவு படித்தவர்கள் எப்படி இப்படிக் கோட்டை விட்டார்கள்? காரணம் ரொம்ப எளிமையானது. அன்றைய விலையில் எத்தனை பேர் வாங்குவார்கள் என்று பார்த்தார்கள். விலையே மாறிவிட்டால் என்ன நடக்கும் என்று பார்க்கவில்லை.

இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று நடந்தது. மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு கொல்கத்தாவில் இருந்து மத்திய அமைச்சர் சுக்ராமிடம் பேசினார். அந்தக் காலத்தில் ஒரு நிமிஷம் பேச 16 ரூபாய் வரை ஆனது. வரும் காலுக்கும் காசு. 2003-ல்தான் இன்கமிங் இலவசம் ஆனது. 2009-ல் டாடா டோகோமோ வந்து விநாடிக்கு ஒரு பைசா என்றது, மற்ற கம்பெனிகளும் வேறு வழியில்லாமல் அதே பாதைக்கு வந்தன. 16 ரூபாய் காலத்துக் கஸ்டமரைப் பார்த்து ஒரு பைசா காலத்துக் கூட்டத்தை யாராலும் கணித்திருக்க முடியாது.

மிஸ்டு காலில் ஒளிந்திருந்த சந்தை

இங்கே ஒரு சுவாரசியமான விஷயம் இருக்கிறது. 2000-களில் போன் வைத்திருந்தவர்களுக்கு மிஸ்டு கால் என்பது தனி மொழி. ஒரு ரிங் விட்டால் "வந்து சேர்ந்துட்டேன்", இரண்டு ரிங் விட்டால் "நீ கூப்பிடு". கம்பெனியின் வருமானக் கணக்கில் இதற்கு மதிப்பு பூஜ்யம். ஆனால் பேச ஆசைப்பட்டும் காசு இல்லாததால் பேசாமல் விட்டவர்கள் எல்லோரும் அந்தப் பூஜ்யத்துக்குள்தான் இருந்தார்கள்.

விற்ற கணக்கை மட்டும் பார்த்துக் கணித்தால் இந்த அடக்கி வைத்த தேவை கண்ணில் படாது. விலை இறங்கியதும் அது மொத்தமாக வெளியே வந்தது.

இதே கதை 2016-க்குப் பிறகு டேட்டாவில் இன்னும் பெரிதாக நடந்தது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தரும் கணக்கைப் பாருங்கள். 2014-ல் ஒரு ஜிபி டேட்டாவுக்கு கம்பெனிகளுக்குக் கிடைத்த சராசரி வருமானம் 269 ரூபாய். 2018-ல் அது 11.78 ரூபாய். டேட்டா பயன்படுத்தும் ஒருவர் மாதம் சராசரியாக 2014-ல் செலவழித்தது 0.27 ஜிபி, 2018-ல் 7.6 ஜிபி.

பயன்பாடு 28 மடங்கு கூடியது என்று சொல்லி இதைப் பலரும் கொண்டாடினார்கள். கொஞ்சம் பெருக்கிப் பார்த்தால் வேறு ஒன்று தெரியும். 2014-ல் 0.27 ஜிபிக்கு மாதம் சுமார் 73 ரூபாய். 2018-ல் 7.6 ஜிபிக்கு சுமார் 90 ரூபாய். அதாவது 28 மடங்கு டேட்டாவை இழுத்துச் செல்ல டவரும் கேபிளும் போட்ட பிறகு, டேட்டா வகையில் ஒரு கஸ்டமரிடம் கூடுதலாகக் கிடைத்தது 17 ரூபாய்தான். போதாக்குறைக்கு, இதே காலத்தில் கால் பேசுவது கிட்டத்தட்ட இலவசம் ஆகிவிட்டதால், அதில் வந்துகொண்டிருந்த வருமானமும் கரைந்துபோனது.

தேவை பெருகினால் லாபமும் பெருகும் என்பது எல்லாத் தொழிலிலும் பொதுவான நம்பிக்கை. டெலிகாமில் அந்த நம்பிக்கைதான் பலரைக் கடனில் தள்ளியது.

10 பேரில் மிஞ்சியது யார்?

2008 ஜனவரியில் ஒரே நாளில் 122 லைசென்ஸ்கள் கொடுக்கப்பட்டன. 2ஜி விவகாரம் என்று தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த அதே லைசென்ஸ்கள்தான். அதை ஊழல் கோணத்தில் பேசியவர்கள் அதிகம். சந்தைக் கோணத்தில் பார்த்தால், நாடு முழுக்கப் பல வட்டாரங்களில் பத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகள் பிழைக்கும் என்று அன்றைக்குப் பலரும் நம்பினார்கள். வெளிநாட்டு நிறுவனங்கள் வந்து பணத்தைக் கொட்டின. 2010-ல் 3ஜி ஏலத்தில் மட்டும் அரசுக்கு 67,719 கோடி ரூபாய் கிடைத்தது. 2012 பிப்ரவரி 2-ம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த 122 லைசென்ஸ்களையும் ரத்து செய்தது.

சரி, ரத்து ஆனவர்கள் போகட்டும். ரத்து ஆகாதவர்கள் என்ன ஆனார்கள்?

தமிழ்நாட்டில் 1999-ல் தொடங்கி, இங்கே வலுவாக இருந்த ஏர்செல் 2018 பிப்ரவரியில் நெட்வொர்க் முடங்கி, மாத இறுதியில் திவால் நடவடிக்கைக்குப் போனது. அந்த வாரங்களில் நம்பரை மாற்ற முடியாமல் இங்கே லட்சக்கணக்கானவர்கள் தவித்தது பலருக்கு இன்னும் மறந்திருக்காது. அனில் அம்பானியின் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் 2017 இறுதியில் கால் சேவையை நிறுத்தியது. டெலினாரையும் டாடாவின் செல்போன் சேவையையும் ஏர்டெல் வாங்கிக்கொண்டது. வோடஃபோனும் ஐடியாவும் 2018 ஆகஸ்ட் 31-ல் ஒன்றாகின.

இத்தனைக்கும் தூண்டுகோல் 2016 செப்டம்பர் 5-ல் வந்த ஜியோ. 2017 மார்ச் வரை எல்லாமே இலவசம். 170 நாளில் 10 கோடிப் பேர் சேர்ந்தார்கள். ஆனால் ஜியோ மட்டும்தான் காரணம் என்று சொன்னால் அது பாதிக் கதை. ஜியோ வருவதற்கு முன்பே பல கம்பெனிகள் ஏலத்துக்காக வாங்கிய கடனில் மூச்சுத் திணறிக்கொண்டுதான் இருந்தன.

இந்தத் தொழிலின் அமைப்பே அப்படி. ஒரு டவரை நிறுத்த ஆகும் செலவு, அதில் 100 பேர் பேசினாலும் 1,000 பேர் பேசினாலும் பெரிதாக மாறாது. கூடுதலாக ஒரு கஸ்டமரைச் சேர்க்க ஆகும் செலவு சொற்பம். எனவே விலைப் போர் வந்தால் ஒவ்வொருவரும் "சும்மா கிடப்பதற்கு பத்து ரூபாயாவது வரட்டுமே" என்று இறங்கிக்கொண்டே போவார்கள். அந்த விலையில் கடனைக் கட்ட முடியாது. கடைசியில் நல்ல சேவை தருபவரைவிட, நஷ்டத்தை அதிக நாள் தாங்கக்கூடியவருக்கே சாதகம். ரிலையன்ஸிடம் எண்ணெய் சுத்திகரிப்பு வருமானம் இருந்தது. ஏர்டெல் 2019-ல் பங்குதாரர்களிடம் உரிமைப் பங்கு மூலம் 25,000 கோடி ரூபாய் திரட்ட முடிந்தது. ஏர்செல்லுக்கு அப்படி யாரும் இல்லை.

நடுவரும் அன்றைய நம்பரைத்தான் பார்த்தார்

ஜியோவின் இலவச ஆஃபர் போட்டியை அழிக்கும் விலை நிர்ணயம் என்று ஏர்டெல் புகார் கொடுத்தது. இந்திய போட்டி ஆணையம் 2017 ஜூனில் அதைத் தள்ளுபடி செய்தது. சட்டப்படி, சந்தையில் ஆதிக்கம் உள்ள கம்பெனி செய்தால்தான் அது குற்றம். ஜியோ அப்போதுதான் வந்த புதுக் கம்பெனி, அதன் பங்கு சின்னது, பெரிய போட்டியாளர்கள் பலர் இருக்கிறார்கள் என்பது ஆணையத்தின் பார்வை.

அன்றைய நிலவரப்படி அதில் தப்பு சொல்ல முடியாது. அடுத்த ஒன்றரை வருஷத்துக்குள் அந்தப் போட்டியாளர்களில் பாதிப் பேர் காணாமல் போனார்கள் என்பதும் உண்மை. இன்றைய சந்தைப் பங்கை வைத்து நாளைய போட்டியை அளந்தால் இப்படித்தான் ஆகும்.

அரசும் இதற்கு விலக்கு இல்லை. ஏலத்துக்கு அரசு வைக்கும் அடிப்படை விலையும் ஒரு கணிப்புதான். 700 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையை 2016-ல் ஒரு மெகாஹெர்ட்ஸ் 11,485 கோடி ரூபாய் என்று வைத்தார்கள். யாரும் தொடவில்லை. 2021-ல் 6,568 கோடிக்கு இறக்கினார்கள். அப்போதும் ஆள் இல்லை. 2022-ல் 3,927 கோடி என்றதும் ஜியோ எடுத்தது. கட்டடத்துக்குள்ளும் நன்றாக சிக்னல் கிடைக்க உதவும் அலைவரிசை, ஆறு வருஷம் யாருக்கும் பயன்படாமல் கிடந்தது. அதிக விலை வைத்து கஜானாவை நிரப்பப் பார்த்தது, கடைசியில் எந்தக் கம்பெனியால் அந்த விலையைத் தாங்க முடியுமோ அதை மட்டும் சந்தையில் விட்டுவைத்தது.

இதற்கு நடுவில் 2019 அக்டோபரில் வந்த ஏஜிஆர் தீர்ப்பு. டெலிகாம் அல்லாத வருமானத்துக்கும் சேர்த்து அரசுக்குப் பங்கு தர வேண்டும், அதுவும் பழைய பாக்கி, வட்டி, அபராதத்தோடு. தொலைத்தொடர்புத் துறையின் கணக்கில் வோடஃபோன் ஐடியாவுக்கு 58,000 கோடி ரூபாய்க்கும் மேல் பாக்கி விழுந்தது. கட்ட முடியாமல் பாக்கியைப் பங்காக மாற்றி மாற்றி, 2025 ஏப்ரலில் அந்தக் கம்பெனியில் மத்திய அரசின் பங்கு 48.99 சதவீதம் ஆனது. மூன்றாவது தனியார் கம்பெனி என்று சொல்லப்படுவதில் கிட்டத்தட்ட பாதி அரசுடையது. இணைந்தபோது 40 கோடிக்கும் மேல் இருந்த கஸ்டமர்கள் இப்போது சுமார் 20 கோடி.

போட்டியை அளக்க ஒரு சின்னக் கணக்கு

சந்தையில் போட்டி இருக்கிறதா இல்லையா என்று பார்க்க பொருளாதார நிபுணர்கள் பயன்படுத்தும் ஒரு எளிய வழி உண்டு. ஒவ்வொரு கம்பெனியின் சந்தைப் பங்கையும் அதே எண்ணால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். பத்து கம்பெனி ஆளுக்கு 10 சதவீதம் வைத்திருந்தால் 1,000 வரும். ஒரே கம்பெனி என்றால் 10,000. அமெரிக்க நீதித்துறையின் வழிகாட்டுதலில் 1,800-ஐ தாண்டினாலே அது சிலர் கையில் குவிந்த சந்தை.

இந்தியாவில் ஜியோவுக்கு சுமார் 40 சதவீதம், ஏர்டெல்லுக்கு 33, வோடஃபோன் ஐடியாவுக்கு 18, பிஎஸ்என்எல்லுக்கு 8 என்று தோராயமாக வைத்துக்கொண்டால், விடை 3,077. அதுவும் கையில் இருக்கும் சிம் கணக்கு. பிஎஸ்என்எல் சிம்களில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் பயன்பாட்டிலேயே இல்லை. உயிரோடு இருக்கும் சிம்களை மட்டும் எண்ணினால் முதல் இரண்டு கம்பெனிகளின் பிடி இன்னும் கூடும்.

300 ரூபாய் கணக்கு

இப்போது எல்லோரும் பார்க்கும் எண், ஒரு கஸ்டமரிடம் மாதம் கிடைக்கும் சராசரி வருமானம். இது 300 ரூபாயைத் தொட வேண்டும் என்று ஏர்டெல் தரப்பு பல வருஷமாகச் சொல்லிவருகிறது. 2024 ஜூலை ஏற்றத்துக்கு முன்பு ஏர்டெல்லுக்கு இது 211 ரூபாயாகவும் ஜியோவுக்கு சுமார் 182 ரூபாயாகவும் இருந்தது. அதன் பிறகு இரண்டுமே ஏறியிருக்கின்றன.

கம்பெனிகள் சொல்லும் காரணத்தை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. 2022 ஏலத்தில் மட்டும் 1.5 லட்சம் கோடி ரூபாய்க்கு அலைக்கற்றை எடுத்தார்கள். 5ஜிக்கு டவர் போட்டார்கள். அதற்கென்று இதுவரை தனிக் கட்டணம் பெரிதாக வரவில்லை. உலக அளவில் பார்த்தால் இந்தியாவில் டேட்டா விலை இன்னும் குறைவுதான்.

ஆனால் இந்தக் கணிப்பிலும் அதே பழைய ஓட்டை இருக்கிறது. விலை ஏறினாலும் எல்லோரும் அப்படியே இருப்பார்கள் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறார்கள்.

அதற்கு 2024 ஜூலையே ஒரு சின்ன சோதனை. அந்த ஒரே மாதத்தில் ஏர்டெல் சுமார் 16.9 லட்சம், வோடஃபோன் ஐடியா 14.1 லட்சம், ஜியோ 7.6 லட்சம் இணைப்புகளை இழந்தன. பல மாதங்களாக ஆளை இழந்துகொண்டே இருந்த பிஎஸ்என்எல்லில் 29 லட்சத்துக்கும் மேல் சேர்ந்தார்கள். இரண்டாவது சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் விட்டவர்களும் அந்த இழப்பில் இருப்பார்கள்.

இங்கதான் ட்விஸ்ட். நவம்பரிலேயே பிஎஸ்என்எல் மறுபடியும் இணைப்புகளை இழக்க ஆரம்பித்தது. போனவர்களுக்கு விலை பிடித்தது, சிக்னல் கிடைக்கவில்லை. அதன் 4ஜி சேவை நாடு முழுக்க 97,500-க்கும் மேற்பட்ட டவர்களுடன் முறைப்படி தொடங்கப்பட்டதே 2025 செப்டம்பரில்தான். ஒரு வருஷம் முன்பே அது தயாராக இருந்திருந்தால் ஜூலை கணக்கு வேறு மாதிரி போயிருக்கலாம்.

ஆக, விலை ஏறினால் விலகத் தயாராக ஆட்கள் இருக்கிறார்கள். போக இடம்தான் இல்லை. அடுத்த ஏற்றத்தின் அளவை முடிவு செய்யப் போவதும் இதுதான். வோடஃபோன் ஐடியா நெட்வொர்க்கில் பணம் போட்டு நிற்குமா, பிஎஸ்என்எல் 4ஜி வீட்டுக்குள் எடுக்குமா என்பதைப் பொறுத்து அது மாறும். ஸ்டார்லிங்க் வந்து போட்டி கொடுக்கும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2025 மார்ச்சில் அந்த நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டவர்களே ஏர்டெல்லும் ஜியோவும்தான்.

பட்டன் போன்காரர்கள் எந்தக் கணக்கில்?

300 ரூபாய் என்பது சராசரி. டிராய் கணக்குப்படி நாட்டில் சுமார் 15 கோடிப் பேர் இன்னும் 2ஜி சேவையில் இருக்கிறார்கள். பெரும்பாலும் பட்டன் போன். யூடியூப் வேண்டாம், ரீல்ஸ் வேண்டாம். பேரன் கூப்பிட்டால் எடுக்க வேண்டும், பேங்க் ஓடிபி வர வேண்டும், அவ்வளவுதான் தேவை. அவர்களும் டேட்டாவோடு சேர்ந்த பிளானைத்தான் போட வேண்டியிருந்தது.

2024 டிசம்பரில் டிராய் தலையிட்டு, கால் மற்றும் எஸ்எம்எஸ் மட்டும் தரும் பிளான்களைக் கட்டாயமாக்கியது. விலை எவ்வளவு என்பதை மட்டும் கம்பெனிகளிடமே விட்டது, ஏனென்றால் கட்டணத்தைச் சந்தையே முடிவு செய்யட்டும் என்பதுதான் இங்கே பல வருஷமாக நடைமுறை. 2025 ஜனவரியில் பிளான்கள் வந்தன. கொஞ்சம் விமர்சனம் வந்ததும் விலையைத் திருத்தினார்கள். 84 நாளுக்கு ஜியோவில் 448 ரூபாய், ஏர்டெல்லில் 469 ரூபாய். டேட்டாவே இல்லாமல் 28 நாளுக்கு சுமார் 150 ரூபாய். பத்து கம்பெனி இருந்த காலத்தில் பத்து ரூபாய் டாப்-அப் போட்டு மாதக் கணக்கில் இன்கமிங்கில் ஓட்டியவர்கள்தான் இவர்களில் பலரும்.